சடையன் அணைத்த கற்பூரம்

வெகு காலத்துக்கு முன்னே வேங்கைநாட்டை மாறழகன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் ஒரு புத்தி, சாப்பிட்டு எழுந்தால் வேறு புத்தி. நியாயம் கேட்டு வருகிறவர்கள் முதலில் அரண்மனைச் சமையற்காரனிடம் போய், இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் சடையன் என்ற அடிமை சபையில் வந்து நின்றான். "மகாராஜா, என்னைப் பெத்தவங்க யாருக்கும் அடிமை இல்ல. சின்ன வயசுல, பஞ்சத்துல தனியா நின்னவனைப் புடிச்சு வச்சுக்கிட்டாங்க. என்னை விடுவிக்கணும்" என்றான்.

பிடித்து வைத்திருந்தவர் பண்டகசாலைத் தலைவர் வரகுணத்தார். அவர் சிரித்தார். "மகாராஜா, அம்மன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவன் பேச்சுதான் சபையில் எடுபடும். அடிமை அந்தச் சத்தியம் செய்யக் கூடாது என்பது நம் வழக்கம். பிறகு இவனுக்கு ஏது வழக்கு?"

"அதுவும் சரிதான்" என்றான் ராஜா.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், பாருங்கள்! வாயைத் திறக்கவே விடாமல் ஒருவனை ஆயுசுக்கும் அடைத்து வைக்க இதைவிட வசதியான வழி உண்டா? சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

மந்திரி அரியநாயகம் எழுந்தார். "அவன் பேச வேண்டாம். வரகுணத்தாரே பேசட்டும். ஐயா, பூமாலை என்கிற அம்மாளோடு உமக்கு வயல் வழக்கு வந்ததே, அன்றைக்கு உமக்காகக் கற்பூரம் அணைத்தது யார்?"

வரகுணத்தார் சடையனின் முகத்தை மறைப்பதுபோல் முன்னே வந்து நின்றார். தானே அணைத்தால் அம்மன் கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று பயந்து, சடையனுக்கு ஒரு நல்ல வேட்டியைக் கட்டிவிட்டு, தன் பங்காளி என்று சொல்லி அனுப்பியவர் அவர்.

"இவனேதான். முகம் எனக்கு மறக்கவில்லை" என்றார் மந்திரி. "இவன் அடிமை என்றால் அந்தச் சத்தியம் செல்லாது, வயலைத் திருப்பிக் கொடும். சத்தியம் செல்லும் என்றால் இவன் அடிமை இல்லை. எது வேண்டும்?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். வரகுணத்தாருக்கோ முப்போகம் விளைகிற அந்த வயல் கண்ணுக்குள் வந்து நின்றது. "இவன் அடிமை இல்லை, மகாராஜா. என்றைக்குமே இல்லை" என்றார்.

சடையன் உடனே போய்விடவில்லை. "அப்படின்னா இப்ப நான் பேசலாமா?"

"பேசு" என்றான் ராஜா.

"அன்னிக்கு நான் செஞ்சது பொய்ச் சத்தியம். இவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். வயல் பூமாலையம்மாவோடது."

மந்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை நாடு கடத்தல். "அடப்பாவி, தப்பித்தவன் பேசாமல் போயிருக்கக் கூடாதா?"

"போயிருக்கலாம் சாமி. இத்தனை வருசமா என் வாய் என்கிட்ட இல்ல. இன்னிக்குத்தான் கெடச்சுது. மொத நாளே அதை ஒரு பொய்க்குக் காவல் வைக்கணுமா?"

ராஜாவுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. வயலைப் பூமாலைக்குக் கொடுத்தான். வரகுணத்தாரின் தலைப்பாகையைச் சபையிலேயே கழற்ற வைத்து, பதவியிலிருந்து விரட்டினான். அடிமை சத்தியம் செய்யக் கூடாதென்ற வழக்கமும் அன்றோடு ஒழிந்தது. பிறகு தன் சால்வையை எடுத்துச் சடையன் தோளில் போர்த்தினான்.

"சட்டப்படி நீ நாட்டை விட்டுப் போகத்தான் வேண்டும், அப்பா" என்றான்.

"சரிங்க மகாராஜா. எந்தப் பக்கம் போகணும்?"

"எந்தப் பக்கமானாலும் போ. உன் இஷ்டம்."

அதுவரை கலங்காமல் நின்ற சடையன் அதைக் கேட்டதும் விக்கி விக்கி அழுதான். பிறந்ததிலிருந்து அவனிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.