உப்புக்கு ஒரு குடை

ஒரு ஊர்ல ஒரு ரெண்டாங்கிளாஸ் இருந்துச்சாம். என்ன, ராஜா வேணுமா? ராஜா கதையெல்லாம் உங்க அப்பாகிட்ட கேளு. இந்த அத்தைக்குத் தெரிஞ்சது ரெண்டாங்கிளாஸ்தான். கால என் மேல போடாம நேரா படு. நீ ம் கொட்டுனாதான் கதை நடக்கும். ம் நின்னா கதையும் நின்னுடும், சரியா?

ம்.

அந்த ஊருக்குக் கிழக்கால பூரா உப்பளம். மேற்கால பூரா கரிசக்காடு. ரெண்டுக்கும் நடுவுல பள்ளிக்கூடம். அதனால உப்பளத்துப் பிள்ளைகளும் காட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயிலதான் உக்காந்திருக்கும். டீச்சர் பேரு ஜெபசெல்வி. அந்த டீச்சர் கையில எப்பப் பாரு பசை ஒட்டியிருக்கும், சேலையில கலர் பேப்பர் துண்டு ஒட்டியிருக்கும். அவங்களுக்குப் பாடம்னாலே வெட்டணும், ஒட்டணும், மாட்டணும்.

வகுப்புக்கு நடுவுல, இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்கு ஒரு கம்பி. துணி காயப்போடுற மாதிரி. அதுல ஆளுக்கு ஒரு கிளிப்பு, கிளிப்புல பேரு. ஆடி மாசம் வந்தா காத்தாடி செஞ்சு மாட்டணும். ஐப்பசி வந்தா குடை. தை வந்தா பொங்கப் பானை. மாட்டிட்டா, காத்துல கம்பி பூரா சலசல சலசலன்னு ஆடும்.

அந்த வகுப்புல இசக்கின்னு ஒரு பிள்ளை. சின்ன உருவம், பெரிய பிடிவாதம். அவ அம்மா பேச்சித்தாய் உப்பளத்துல பாத்தியக் குத்தகைக்கு எடுத்து உப்பு வாருறவ. மழை மாசம் வந்துட்டா உப்பளத்துல வேலையே கிடையாது. அப்போ என்ன செய்வாங்க? போன வருசம் குவிச்ச உப்பும் மழையில கரைஞ்சு போச்சு; மூட்டையக் கட்டிக்கிட்டு, இசக்கியையும் கூட்டிக்கிட்டு, பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனாங்க. ஒண்ணாங்கிளாசுக்கும் அதே ரூம்பு, அதே டீச்சர்தான். தையில திரும்பி வந்து பாத்தா, எல்லாப் பிள்ளை கிளிப்புலயும் குடை ஆடுது, பானை ஆடுது. இசக்கி கிளிப்பு மட்டும் வெறுங்கிளிப்பா, வாயப் பிளந்துகிட்டு தொங்குது. அத இசக்கி மறக்கவே இல்ல.

இந்த வருசம் அம்மா சொல்லிட்டா: "அம்பாரத்த லாரி வந்து அள்ளிட்டுப் போயிட்டா, அந்தக் காசுல மழை மாசத்த இங்கேயே ஓட்டிரலாம்டி. உப்பு கரைஞ்சு போச்சுன்னா, திருப்பூர்தான்." அம்பாரம்னா உப்புக் குவியல். வெள்ளை வெளேர்னு வீட்டு உசரத்துக்கு நிக்கும். லாரி வர்றது வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் மழை வரக்கூடாது. அவ்வளவுதான் இசக்கிக்கு வேணும்.

"மழை நல்லதுதானே அத்தை?"

யாருக்கு நல்லது? உனக்கு லீவு விடுவாங்க, அதனால நல்லது. உப்புக்குச் சொட்டுத் தண்ணி பட்டாப் போச்சு. ம் சொல்லு.

ம்.

அப்புறம், அந்த வகுப்புச் சுவத்துல ஒரு வானிலை அட்டை இருந்துச்சு. நாளுக்கு ஒரு கட்டம். வெயிலடிச்சா மஞ்சச் சூரியன் ஒட்டணும், மந்தாரமா இருந்தா சாம்பக் கலர் மேகம், மழைன்னா நீலச் சொட்டு. எல்லாம் பிள்ளைகளே வெட்டுனது. வாரத்துக்கு ஒரு பிள்ளை வானிலைத் தலைவர். வெளிய போகணும், அண்ணாந்து பாக்கணும், பாத்தத ஒட்டணும். ஐப்பசி பொறந்ததும் டீச்சர் நீலப் பேப்பரக் கொடுத்து, "வெட்டுங்க மக்கா சொட்டு, இந்த மாசம் நிறைய வேணும்"னு சொன்னாங்க. கறுக் கறுக் கறுக்னு கத்திரி. ஒரு சாக்பீஸ் டப்பா நிறைய சொட்டு.

அந்த வாரத் தலைவர் யாரு? இசக்கி!

இசக்கிக்குள்ள ஒரு நெனப்பு. போன மாசம் வேற ஒரு பிள்ளை அவசரத்துல மழைச் சொட்ட ஒட்டிருச்சு, அன்னிக்கு மத்தியானமே மழை வந்துருச்சு. இசக்கி அதப் பாத்துக்கிட்டே இருந்தா. அன்னியில இருந்து அவ முடிவு பண்ணிட்டா: அட்டையில என்ன ஒட்டுறோமோ அதுதான் வானத்துல நடக்கும். சிரிக்காத! உனக்கு ஆறு வயசுல என்னென்ன நெனப்பு இருந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா?

திங்கக்கிழமை. வானம் மந்தாரம். இசக்கி வெளிய போனா, அண்ணாந்து பாத்தா, உள்ள வந்தா. சப்புன்னு சூரியன ஒட்டிட்டா.

காட்டுப் பிள்ளை சுடலைன்னு ஒருத்தன். அவங்க அப்பா கரிசக்காட்டுல பருத்தி விதைச்சுட்டு மழைக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு. அவன் எந்திரிச்சான். "டீச்சர், பொய்! வெளிய மேகம்தான் இருக்கு." டீச்சர் சன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. அந்த நேரம் பாத்து மேகம் விலகி, பளிச்! சூரியன். டீச்சர் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. இசக்கி சுடலையப் பாத்து நாக்கத் துருத்துனா. அம்மாகிட்ட போய், "இன்னிக்கு மழை வராதும்மா, நான் பாத்துக்கிட்டேன்"ன்னா. அம்மாவுக்கு ஒண்ணும் புரியல.

செவ்வாக்கிழமை. மேகம் இன்னும் இறங்கிருச்சு. காத்துல ஈரம். இசக்கி அன்னிக்கும் சூரியன ஒட்டிட்டா. அதோட விட்டாளா? டீச்சர் எல்லாரையும் குடை செய்யச் சொன்னாங்க. மத்த பதினெட்டுப் பிள்ளையும் குடை செஞ்சுச்சு. இசக்கி மட்டும் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சச் சூரியன வெட்டி, அவ கிளிப்புல மாட்டிட்டா. "ஏட்டி, குடை எங்க?"ன்னு டீச்சர் கேட்டதுக்கு, "எனக்குக் குடை வேண்டாம் டீச்சர்"ன்னா. பதினெட்டுக் குடைக்கு நடுவுல ஒத்தச் சூரியன். வெளிய கடமுடா கடமுடான்னு தூரத்துல ஒரு இடி.

தூங்கிட்டியா?

ம்ஹூம்.

புதன்கிழமை. விடிஞ்ச மாதிரியே இல்ல, அவ்வளவு இருட்டு. இசக்கி முன்னாடியே வந்துட்டா. சூரியன ஒட்டுனா. பத்தலன்னு தோணுச்சு. சுத்திமுத்திப் பாத்தா. யாரும் இல்ல. சொட்டு டப்பாவ எடுத்தா, பைக்குள்ள போட்டா, பைய மடியில வச்சு இறுக்கிக்கிட்டா. சொட்டே இல்லாட்டி எதை ஒட்டுவாங்க? எப்படி மழை வரும்? காலையில பூரா பைய விடவே இல்ல. சத்துணவுக்கு மணியடிச்சாங்க, பையத் தோள்ல மாட்டிக்கிட்டே தட்டெடுத்துக்கிட்டு ஓடுனா. ஓடுற ஓட்டத்துல வாசப்படி தடுக்கி, தொபுக்கடீர்! பை கவுந்துச்சு. டப்பா தெறந்துச்சு.

பொலபொல பொலபொலன்னு வகுப்பு பூரா நீலச் சொட்டு.

"மழை! மழை!"ன்னு சுடலை குதிச்சான். எல்லாப் பிள்ளையும் சொட்ட அள்ளி அள்ளி மேல வீசி, ஆட்டம் போட்டுச்சு. இசக்கி தரையில மண்டி போட்டு, ஒவ்வொரு சொட்டா பொறுக்கி டப்பாவுக்குள்ள போடுறா. போடப் போட அவங்க வீசுறாங்க. "வீசாதீங்க, வந்துரும், வந்துரும்"னு அழுறா. பிடிவாதக்காரி அன்னிக்குத்தான் அந்த வகுப்புல மொத மொத அழுதா. அந்த நீலச் சொட்டு எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது.

டீச்சர் வந்தாங்க. ஒரு அதட்டு. எல்லாம் கப்சிப். டீச்சரும் தரையில உக்காந்து சொட்டுப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. பொறுக்கிக்கிட்டே, "எது வந்துரும் இசக்கி?"ன்னு கேட்டாங்க.

"மழை டீச்சர். ஒட்டுனா வந்துரும். எங்க அம்பாரம் கரைஞ்சுரும். அப்புறம் நாங்க திருப்பூர் போயிருவோம். என் கிளிப்பு..."

சுடலை சிரிக்க வாயத் தெறந்தான். டீச்சர் பாத்த பார்வையில மூடிக்கிட்டான்.

அப்போ டீச்சர் என்ன செஞ்சாங்க தெரியுமா? திட்டல. எந்திரிச்சுப் போய் பீரோவத் தெறந்தாங்க. கிரீச். அதுக்குள்ள பழைய வானிலை அட்டை. போன வருசத்து ஐப்பசி, அதுக்கு முந்துன வருசத்து ஐப்பசி, அதுக்கும் முந்துன ஐப்பசி. மூணையும் தரையில விரிச்சாங்க. "இசக்கி, அட்டை மழையக் கூப்பிடாதுடி. கூப்பிட முடிஞ்சா, காட்டுக்காரங்களுக்காக நான் எப்பவோ ஒட்டிருக்க மாட்டேனா? வா, மொத மழைக்கு முன்னாடி என்ன இருக்குன்னு எண்ணிப் பாரு."

இசக்கி கண்ணத் தொடச்சுக்கிட்டு விரல வச்சா. மேகம், மேகம், மேகம், சொட்டு. அடுத்த அட்டை. மேகம், மேகம், மேகம், சொட்டு. மூணாவது. அதுலயும் மூணு மேகம், அப்புறம் சொட்டு.

"இப்ப நம்ம அட்டையப் பாரு"ன்னாங்க டீச்சர்.

நம்ம அட்டையில என்ன இருக்கு? சூரியன், சூரியன், சூரியன். எல்லாம் அவ ஒட்டுனது. எல்லாம் பொய்.

இசக்கி மெதுவா எந்திரிச்சா. யாரும் சொல்லல. அவளே போய் நகத்த வச்சு திங்கக்கிழமைச் சூரியனக் கிழிச்சா. பர்ர். மேகத்த ஒட்டுனா. செவ்வாக்கிழமை, பர்ர். மேகம். புதன்கிழமை, பர்ர். மேகம். மேகம், மேகம், மேகம். அதுக்கு அடுத்த கட்டம் காலியா இருக்கு. வகுப்பே அந்தக் காலிக் கட்டத்தப் பாக்குது.

"நாளைக்கு..."ன்னான் சுடலை. அவனுக்கும் சிரிப்பு வரல.

சாயங்காலம் மணியடிச்சுச்சு. இசக்கி பிடிச்சா பாரு ஓட்டம்! திடுதிடு திடுதிடுன்னு வரப்பு மேல ஓடி அம்மாகிட்ட போய் நின்னா. "அம்மா, நாளைக்கு மழை. இன்னிக்கே மூடணும்."

பேச்சித்தாய் உப்பு வாருற பலகைய நிறுத்தல. "போடி, வெள்ளிக்கிழமை லாரி வருது. இன்னும் ஒரு பாத்தி வாரணும். இன்னிக்கு மூடி நாளைக்குத் தெறக்க எனக்கு என்ன பத்துக் கையா? மேகம் வரும், போகும்."

இசக்கி பனை ஓலை அடுக்கி வச்சிருந்த இடத்துக்குப் போனா. அவ உசரத்துக்கு ரெண்டு மடங்கு ஓலை. ஒண்ண இழுத்தா. சர்ர்ர். அம்பாரத்து மேல ஏத்துனா. வழுக்கிருச்சு. திரும்ப ஏத்துனா. திரும்ப வழுக்கிருச்சு. மூணாந்தடவை, அம்பாரத்து மேல வயித்தால ஊர்ந்து போய், ஓலையப் பரப்பி, அது மேல உக்காந்துகிட்டா. முழங்கால் பூரா உப்பு அறுத்து எரியுது. அங்க இருந்தே கத்துறா: "மூணு வருச அட்டை பாத்தோம்மா! மூணு நாளு மேகம், நாலாம் நாளு மழை! போன தடவ கரைஞ்சுச்சுல்ல, அன்னிக்கும் அப்படித்தான் இருந்துச்சாம்மா?"

பேச்சித்தாய் கை அப்பதான் நின்னுச்சு. அவளுக்கு ஞாபகம் வந்துருச்சு. அன்னிக்கும் மூணு நாளு இப்படித்தான் மூட்டம் போட்டுச்சு. அன்னிக்கும் அவ இதையேதான் சொன்னா, மேகம் வரும், போகும்னு. பலகையக் கீழ போட்டா. "ஏட்டி, எறங்காத. அங்கனயே இரு. நான் ஓலை தாரேன்"ன்னா.

அம்மா தர, மக பரப்ப, பாதி அம்பாரம்தான் மூடியிருக்கும். அப்போ டுபுடுபு டுபுடுபுன்னு ஒரு வண்டி. யாரு? சுடலையோட அப்பா. பின்னாடி சுடலை, மடியில பெரிய தார்ப்பாய். வண்டி நிக்கிறதுக்குள்ள குதிச்சான். "எங்க காட்டுக்கு மழை வந்தே ஆகணும். அதனால உங்க உப்ப மூடிக்கோங்க"ன்னான். அவ்வளவுதான் அவன் பேசுனது. நாலு பேரும் தார்ப்பாய விரிச்சு, கயிறு கட்டி, ஓரம் பூரா கல்லு வச்சு முடிச்சாங்க.

வியாழக்கிழமை. பிள்ளைக எல்லாம் வகுப்புக்குள்ள வந்து உக்காந்துச்சு. சொட். சொட் சொட். சடசட சடசட சோ...ன்னு ஊத்துது பாரு! ஓட்டு மேல மத்தளம் வாசிக்குது. காட்டுப் பிள்ளைக எல்லாம் ஓன்னு கத்துச்சு.

டீச்சர், "வானிலைத் தலைவர் எங்க?"ன்னாங்க.

இசக்கி எந்திரிச்சா. வாசலுக்குப் போனா. அண்ணாந்து பாத்தா, மூஞ்சி பூரா மழை. உள்ள வந்தா. டப்பாவத் தெறந்து ஒரு நீலச் சொட்ட எடுத்தா. நாலாவது கட்டத்துல வச்சு, நல்லா அழுத்தி ஒட்டுனா.

அம்பாரம் என்னாச்சுன்னுதானே கேக்க வாரே? நின்னுச்சு! தார்ப்பாய்க்கு அடியில பொட்டுக்கூட நனையாம நின்னுச்சு. வெள்ளிக்கிழமை மழை விட்ட நேரம் பாத்து லாரி வந்து அள்ளிட்டுப் போயிருச்சு. திருப்பூருக்கு மூட்டை கட்டல.

அப்புறம் இசக்கி கிளிப்புல இருந்த சூரியன எடுத்துட்டு, ஒரு குடை செஞ்சா. எல்லாருக்கும் குடைக்குக் கீழ ஒரு பொம்மைப் பிள்ளை நிக்கும். இவ குடைக்குக் கீழ வெள்ளைப் பேப்பர்ல கூம்பா ஒண்ணு நின்னுச்சு. "இது யாருட்டி?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"உப்பு டீச்சர். அதுக்குத்தான் குடை வேணும். நான் நனைஞ்சா காஞ்சுருவேன்"ன்னா.

அந்த மழை மாசம் பூரா, அந்தக் கிளிப்பு ஒரு நாள்கூட காலியா இல்ல.

"அத்தை... உங்க முழங்கால்ல இருக்கே தழும்பு..."

வாய மூடு. கதை நனையாம வீடு போய்ச் சேந்துருச்சு, நீயும் போர்வைக்குள்ள போய்ச் சேரு.