ஆற்றில் விட்ட வேட்டி

“எத்தனை ஆத்துல விட்டாலும் என்ற பாவம் போகமாட்டேங்குதுங்க சாமி.”

படித்துறையின் நடுப்படியில் உட்கார்ந்திருந்த துறைச்சாமி, கேட்டவரைத் தலை தூக்கிப் பார்த்தார்.

கேட்டவர் பெயர் அர்த்தநாரி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மேற்கே, கொங்கு நாட்டில், சாயப்பட்டறை வைத்திருக்கிறவர். பனியன் துணிக்குச் சிவப்பு ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெயர்.

துறைச்சாமி ஒரு பெண். நாற்பது வயதுகூட இருக்காது. எந்த மடம், யாரிடம் தீட்சை என்று ஒருவருக்கும் தெரியாது. நீலகண்டத் துறையிலேயே கிடப்பதால் அந்தப் பெயர். எந்நேரமும் இடுப்புவரை நனைந்திருப்பார். பேச்சு குறைவு. பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள், சித்தர் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவருக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார்கள்.

நீலகண்டத் துறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பாவம், தோஷம், தீராத வியாதி என்று வருகிறவர்கள் உடுத்திய துணியோடு முழுக வேண்டும். அந்தத் துணியை ஆற்றோடு விட்டுவிட வேண்டும். புதுத்துணி கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் விட்டது பின்னாலேயே வந்துவிடும்.

அர்த்தநாரியை அவருடைய ஜோசியர் நாடு முழுக்க அனுப்பியிருந்தார். சொன்ன ஆறுகளில் பாதிக்கு மேல் தண்ணீரே இல்லை. குடத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டு, வேட்டியை மணலில் விட்டுவிட்டு வந்தார். அது காற்றில் பறந்து எந்த முள்ளில் மாட்டியதோ, அவருக்குத் தெரியாது. அவர்தான் திரும்பிப் பார்க்கவில்லையே.

இன்று காலை இங்கேயும் முழுகினார், விட்டார், புது வேட்டி கட்டினார். படியேறி வரும்போது துறைச்சாமி எதிரில் உட்கார்ந்திருந்தார். மனசு தாங்காமல் கேட்டுவிட்டார்.

“என்ன பாவம் அண்ணாச்சி?” என்றார் துறைச்சாமி.

“என்ற பட்டறைத் தண்ணி கூடப்பொறந்த தம்பி கெணத்துல எறங்கிருச்சுங்க.”

“ம்.”

“கெணறே செவந்து போச்சுங்க. தென்னை அத்தனையும் குருத்துக் கருகிப் போச்சு. சென்னியப்பன்னு பேருங்க அவனுக்கு. என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. அந்தத் தண்ணியை ஒரு செம்புல மோந்துட்டு வந்தான். என்ற வாசப்படில வெச்சான். போயிட்டான்.”

அர்த்தநாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னையிலிருந்து எந்தத் தண்ணியை மோந்தாலும் செவப்பாத் தெரியுதுங்க சாமி. வாய்கிட்டக் கொண்டு போனாக் கொமட்டுது. எளநி குடிச்சே காலத்தத் தள்ளீட்டு இருக்கறனுங்க.”

“தம்பிகிட்டப் போனீகளா?”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறதுங்க?”

“வீடு தூரமோ?”

“பக்கத்துத் தோட்டமுங்க. கூப்பிட்டாக் கேக்கும்.”

“பட்டறை?”

“ஓடுதுங்க.”

துறைச்சாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தேவலை என்று அர்த்தநாரிக்குத் தோன்றியது.

“திரும்பிப் பாருங்க அண்ணாச்சி.”

“ஐயோ, அது கூடாதுங்களே!”

“இம்புட்டு ஆத்துலயும் பாக்காமத்தான வந்தீக. போச்சா?”

அர்த்தநாரி, குழந்தை ஊசிக்குக் கையை நீட்டுவதுபோல, மெல்லத் திரும்பினார்.

வேட்டி எங்கும் போகவில்லை.

படியிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, தண்ணீரில் அலம்பிக்கொண்டு கிடந்தது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு லுங்கி. லுங்கிக்கு அடியில் கறுப்பாக, அகலமாக, என்னவென்று சொல்ல முடியாத ஒன்று.

“எடுத்துட்டு வாங்க.”

“புது வேட்டி கட்டியிருக்கறனுங்க சாமி.”

“அதுவும் நனையும்.”

அவ்வளவுதான் பேச்சு. துறைச்சாமி எழுந்து முன்னால் இறங்கிவிட்டார். பெரிய மனுஷர் கரையில் நின்றுகொண்டிருக்க முடியுமா? மடித்துக் கட்டிக்கொண்டு அர்த்தநாரியும் இறங்கினார்.

சித்திரை மாதம். இடுப்பளவுதான் தண்ணீர். காலையில் கடைசிப் படியிலேயே நின்று முழுகியிருந்தார்; இப்போது முதல் எட்டிலேயே அவருக்குத் திக்கென்றது. காலில் மணல் படவில்லை. பாறையும் படவில்லை. ஊறிப்போன மெத்தையை மிதித்ததுபோல அமுங்கியது. அமுங்கிய இடத்திலிருந்து நாற்றம் குமிழ்விட்டுக் கிளம்பியது.

“இதென்னங்க சாமி கீழ?”

“நீங்க விட்டதுதான். உங்களுக்கு முன்னால வந்தவுக விட்டதும்.”

அர்த்தநாரி வேட்டியைப் பற்றி இழுத்தார். அதோடு லுங்கி வந்தது. லுங்கியோடு ஒரு சட்டை. சட்டையின் கையில் ஒரு சிவப்புச் சேலை முறுக்கிக்கொண்டிருந்தது. சேலையின் மறுநுனி அடியில் எங்கோ போனது. ஆறு இத்தனை வருஷமாக அவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தது.

வேட்டியை மட்டும் உருவிக்கொண்டு கரையேறியிருக்கலாம். உருவியும் விட்டார். ஆனால் சேலையை விட மனசு வரவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

“இது வருமுங்களா?”

“இழுத்தா வரும்.”

“நீங்க தெனமும் இழுக்கறீங்களா?”

“தெனமும் எடுக்கேன். தெனமும் வாராக.”

சேலை பாசி பிடித்து வழுக்கியது. அர்த்தநாரி தன் வேட்டியைச் சேலையின்மேல் சுற்றி, பிடி கிடைக்கும்படி இறுக்கிக்கொண்டு இழுத்தார். துறைச்சாமி பக்கத்தில் நின்று இன்னொரு பக்கம் இழுத்தார். முதலில் அசையவே இல்லை. அப்புறம் ஒரு சாண் வந்தது. அப்புறம் ஒரு முழம்.

வந்ததையெல்லாம் அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஜரிகை கறுத்த கல்யாணப் பட்டு. காக்கிக் கால்சட்டை ஒன்று, பெல்ட்டோடு. ஆஸ்பத்திரியில் கட்டிவிடும் பச்சைத் துணி. ஒரு சேலையின் முந்தியில் இன்னும் மஞ்சள் துண்டு முடிந்திருந்தது. யார் யாரோ எங்கிருந்தெல்லாமோ வந்து, தாங்க முடியாததை இங்கே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு சின்னக் கவுன் வந்தது. இரண்டு வயசுக் குழந்தை போடுகிற அளவு.

அதைக் கையில் ஏந்தியதும் அர்த்தநாரிக்கு அழுகை வந்துவிட்டது. எந்தத் தாய் இதை ஆற்றில் விட்டாளோ, விட்டுவிட்டு எப்படிப் படியேறினாளோ என்று நினைத்து, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணுக்காகத் தண்ணீரில் நின்றபடி விசும்பி அழுதார்.

துறைச்சாமி கவுனை வாங்கிக் கொண்டுபோய்ப் படியில் வைத்தார். திரும்பி வந்தார்.

“இழுங்க அண்ணாச்சி. கொஞ்சந்தான்.”

இரண்டு பேரும் சேர்ந்து தம் பிடித்து இழுத்தார்கள். அடியில் என்னவோ பெயர்ந்தது. மூடி போலக் கிடந்த துணிப்பாளம் மொத்தமும், பெருஞ்சத்தத்தோடு, புரண்டு எழுந்தது. தார் மாதிரி கறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. நாற்றம் தாங்காமல் அர்த்தநாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆற்றையே நாசம் பண்ணிவிட்டோம் என்றுதான் நினைத்தார்.

நீரோட்டம் கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போனது.

முதலில் அவருடைய காலுக்குத்தான் தெரிந்தது.

சில்லென்றது. சுற்றிலும் வெயிலில் வெதுவெதுப்பாகக் கிடந்த தண்ணீர். பாதத்துக்கு அடியில் மட்டும் குளிர்ச்சி, தொட்டுத் தொட்டு மேலே வந்தது.

குனிந்து பார்த்தார்.

அடியில் மணல் தெரிந்தது. வெள்ளை மணல். அது சும்மா கிடக்கவில்லை. உலையில் அரிசி துள்ளுகிற மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் இல்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அவர் கால் விரல்களுக்கு நடுவில் ஒன்று. ஊற்றுக்கண்கள் அவர் பார்க்கப் பார்க்கத் திறந்துகொண்டே வந்தன. அதிலிருந்து வந்த தண்ணீர் கலங்கலைத் தள்ளிவிட்டு, வட்டமாகத் தெளிந்து, அகன்று, அவர் முழங்கால் தெரிந்தது, பாதம் தெரிந்தது, பெருவிரல் நகத்தின் கீறல்கூடத் தெரிந்தது.

எங்கிருந்தோ அயிரை மீன் குஞ்சுகள் வந்துவிட்டன. தெளிந்த வட்டத்துக்குள் அவர் காலைச் சுற்றின.

அர்த்தநாரிக்கு உடம்பு சிலிர்த்தது. கோயில் கோயிலாகப் போய் நின்றவர் அவர். கர்ப்பக்கிரகத்தில் தீபாராதனை காட்டும்போதுகூட இப்படி ஆனதில்லை. கை தானாகக் குவிந்தது. யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமலே கும்பிட்டார்.

பிறகு துறைச்சாமி பக்கம் திரும்பினார்.

“இது எப்ப இருந்துங்க சாமி வருது?”

“வந்துக்கிட்டேதான் இருந்திருக்கு.”

“இத்தனை குப்பைக்கு அடியிலயா?”

துறைச்சாமி குனிந்து ஊற்றின் தலைமாட்டில் இரண்டு கையையும் சேர்த்து அள்ளினார். அவர் முன்னால் நீட்டினார்.

அர்த்தநாரி தன் கையில் வாங்கினார். வழக்கம்போல் சிவக்கும் என்று காத்திருந்தார். சிவக்கவில்லை. உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் பளிச்சென்று கிடந்தது. பயந்து பயந்து வாயில் வைத்தார். தண்ணீர். வெறும் தண்ணீர். அதற்கு இப்படி ஒரு ருசி உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அள்ளி அள்ளிக் குடித்தார்.

அப்போது படியில் பைக்குள் இருந்த போன் அடித்தது.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஈரக்கையோடு போய் எடுத்தார். பட்டறை மேஸ்திரி.

“அண்ணா, இங்க கோடை மழை பிடிச்சுருச்சுங்க. நல்ல மழை. சாயத் தண்ணித் தொட்டி ரொம்பிக் கெடக்குது. எப்பவும்போல ஓடைக்குத் தொறந்து உட்டரட்டுங்களா? மழையோட மழையாப் போயிரும். ஒருத்தனுக்கும் தெரியாது.”

அர்த்தநாரி ஆற்றைப் பார்த்தார். அந்த வட்டம் இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது.

“வேண்டாம்.”

“அண்ணா? கேக்குதுங்களா? தொட்டி வழியற மாதிரி இருக்குதுங்க.”

“மெஷினெல்லாம் நிறுத்திப் போடு.”

“ஏத்துமதிச் சரக்குங்கண்ணா. நாளைக்கு லாரி வருதுங்க. நிறுத்தினா ஆர்டரே போயிருமுங்க.”

“போகட்டும். தொட்டித் தண்ணியில ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது. நான் வர்ற வரைக்கும் எவனையும் வால்வுல கைவெக்க உடாத.”

முதலாளிக்கு வெயிலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று மேஸ்திரி யோசித்திருக்க வேண்டும். “சரிங்கண்ணா” என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

என்ன சொன்னோம், அதனால் எவ்வளவு போகும் என்பது அர்த்தநாரிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் மறுபடி கூப்பிட்டு மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீருக்கு இறங்கினார்.

துறைச்சாமி வேறொரு சேலையின் நுனியைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தார்.

ஊற்றுக்குப் பக்கத்தில் அர்த்தநாரியின் வேட்டி இன்னும் அந்தச் சிவப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு மிதந்தது. பிரித்து எடுத்தார். இழுத்த இழுப்பில் சேலையின் சாயம் கழன்று வேட்டியில் ஏறியிருந்தது. வெள்ளை வேட்டியில் இடுப்பிலிருந்து கரை வரைக்கும் திட்டுத் திட்டாகச் சிவப்பு.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஆற்றில் இனி விட முடியாது. கரையில் போடவும் மனசு ஒப்பவில்லை.

“இதை எங்கீங்க சாமி போடறது?”

“துவைச்சுக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போங்க.”

“கறை போகாதுங்க. சாயக்காரன் சொல்றனுங்க.”

“போக வேண்டாம்” என்றார் துறைச்சாமி. “தம்பி பாக்கட்டும்.”