நின்ற ரிப்பனும் படுத்த ரிப்பனும்

ஒரு தையல் கடையில் இரண்டு சிவப்பு ரிப்பன்கள் அக்கா தங்கையாக இருந்தார்கள். ஒரே சுருளில் வெட்டியவர்கள். ஆளுக்கு ஒன்பது இஞ்ச். காதுகுத்துக்கென்று தைத்த குட்டிக் கவுனில், கடைக்காரி செல்லக்கிளி அக்காவைப் பக்கவாட்டில் நிறுத்தித் தைத்தாள். தங்கையை அவள் காலடியிலிருந்து கீழ் ஓரமாகப் படுக்க வைத்தாள்.

தள்ளி நின்று பார்த்த செல்லக்கிளி, "கீழே இருக்கிறது குட்டையாப் போச்சே" என்று கத்தரிக்கோலை எடுத்தாள். பிரித்தெடுத்தால் தங்கைக்குக் குப்பைக்கூடைதான். அக்காவுக்கும் தங்கை குட்டையாகத்தான் தெரிந்தாள்.

தங்கை இஞ்ச் டேப்பைக் கெஞ்சினாள். டேப் வந்து இரண்டும் ஒன்பதே என்றது.

"நீயே இழுபட்டுப் போன கிழம்" என்று கத்தரிக்கோல் நொடித்தது.

"இழுபட்டாலும் ரெண்டு பேருக்கும் ஒரே இழுப்புதானே" என்றது டேப்.

தன் கண்ணில்தான் கோளாறோ என்று செல்லக்கிளிக்குக் கலக்கம். பட்டன் வைத்துக்கொண்டிருந்த சியாமளா டவுன் காலேஜில் உளவியல் படிப்பவள். பத்துப் பேரிடம் பார்த்துவிடலாம் என்றாள். கடைக்கு வந்த பெண்கள் ஒவ்வொருவராக, நின்ற ரிப்பனுக்குச் சமமாகத் தெரியும்வரை வேறொரு ரிப்பனைச் சுருளிலிருந்து படுக்கையில் இழுத்துக் காட்டினார்கள். ஒன்பது பேர் அரை இஞ்ச், முக்கால், ஒன்று என்று கூடவே இழுத்தார்கள். கண்ணாடியை மறந்து வந்த ஒருத்தி மட்டும் கால் இஞ்ச் குறைத்தாள்.

சியாமளாவின் நோட்டில் இந்தப் பிழைகளெல்லாம் கூடி, தங்கள் சார்பில் பேசச் சராசரி என்பவளை அனுப்பின. அவள் முக்கால் இஞ்சில் போய் நின்றாள். கண்கள் ஏமாறவில்லையென்றால் நீ என் பக்கத்திலல்லவா இருக்க வேண்டும் என்று பிழையில்லாத இடத்தில் நின்ற பூஜ்யம் கேட்டது. பத்தே பேர், தற்செயலாகத் தள்ளி வந்திருப்பாள் என்றது கத்தரிக்கோல்.

அதைத் தீர்க்கத்தான் சியாமளாவின் புள்ளியியல் பாடத்திலிருந்து டி-சோதனையார் வந்தார். நிதானமான ஆள். பிழைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன, கேட்டது எத்தனை பேரை என்று பார்த்து, சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடக்கூடும் என்று கணக்கிட்டார்.

"அந்த ஆட்டத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு தள்ளி நிற்கிறாள்" என்றார். "இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ரிப்பனிலும் குறையில்லை, செல்லக்கிளி ஒருத்தி கண்ணிலும் குறையில்லை. படுத்திருப்பதைக் குட்டையாகப் பார்ப்பது பொதுவாகவே கண்களின் வழக்கம்."

செல்லக்கிளி மறுபடி பார்த்தாள். இன்னமும் குட்டையாகத்தான் தெரிந்தது. "தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகுது" என்று கத்தரிக்கோலை டப்பாவில் போட்டாள்.

மறுநாள், காது குத்தி அழுது ஓய்ந்த குழந்தை மாமன் மடியில் படுத்துத் தூங்கிப்போனது. கவுன் பக்கவாட்டில் திரும்பியது. தங்கை நிமிர்ந்தாள், அக்கா படுத்தாள். எட்டிப் பார்த்த அத்தை ஒருத்தி, இதை ஏன் குட்டையா வச்சிருக்காங்க என்று அக்காவைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் தேஞ்சு போயிட்டேனாடி?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"இல்லக்கா. படுத்திருக்கே, அவ்வளவுதான்" என்றாள் தங்கை.