ஒரு பாடம் முன்னால்

ஊமத்தங்குடி என்று ஒரு ஊர். அங்கே மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லாருடையதும் புதுசாக அப்படியே இருந்தது.

அந்த ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியர் சம்பந்தமூர்த்தி. இவருடைய அப்பாவும் அங்கே தலைமையாசிரியராக இருந்தவர்தான். என்னை ஏழாவதோடு வெளியே அனுப்பியவர் அவர். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் வலது காதில் ஒரு மச்சம், அன்றைக்குப் போட்டிருந்தது நீலச் சட்டை, மழை வரும்போல இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

சம்பந்தமூர்த்திக்குக் கீழே மூன்று வாத்தியார்கள். அறிவியலுக்குப் பூவலிங்கம், கணக்குக்கு அந்தோணிசாமி, வரலாற்றுக்குத் தனக்கோடி.

ஜூன் மாதம் கல்வி அதிகாரி அம்மா ஒருவர் வந்து பத்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூவலிங்கம் பாடப் புத்தகத்தை விரித்து வைத்து வரி விடாமல் வாசித்தார். "ஆசிரியருக்குக் குறிப்பு: இந்த இடத்தில் மாணவர்களைச் சிந்திக்க வைக்கவும்" என்று இருந்ததையும் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

அதிகாரி அம்மா எழுந்துவிட்டார். "வாத்தியார் என்றால் பிள்ளைகளைவிட ஒரு பாடமாவது முன்னால் இருக்க வேண்டும். பொங்கல் கழித்து வருவேன். அப்போதும் இப்படித்தான் என்றால் பத்தாம் வகுப்பை எடுத்து எருக்கங்குடிப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவேன்."

எருக்கங்குடி பக்கத்து ஊர். ஏற்கெனவே பஸ் நிறுத்தத்தைக் கொண்டுபோனவர்கள். பத்தாவதும் போனால் உயர்நிலைப் பள்ளி நடுநிலைப் பள்ளியாகிவிடும். சம்பந்தமூர்த்தி அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நான் முதல் பாடத்தைப் படித்துவிட்டேன் சார்," என்றார் பூவலிங்கம். "பிள்ளைகள் இன்னும் ஒன்றும் படிக்கவில்லை. நான் முன்னால்தான் இருக்கிறேன்."

"நாளைக்கு அதை நடத்தினால்?"

"அவர்களும் ஒன்றுக்கு வந்துவிடுவார்கள்."

அந்தோணிசாமி மேசைமேல் சாக்பீசால் போட்டுப் பார்த்தார். "சமமாகிவிடும் சார்," என்றார் கவலையோடு.

"அப்போது இரண்டாவதைப் படித்துக்கொள்ளலாமே," என்றார் தனக்கோடி.

"படிக்கலாம்யா," என்றார் சம்பந்தமூர்த்தி. "கடைசிப் பாடம் வரும்போது என்ன செய்வீர்? அதற்கு அடுத்தது பின்அட்டைதான். அட்டையைப் படித்து வைத்துக்கொண்டு எப்படி முன்னால் இருப்பது?"

நான்கு பேரும் பின்அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு சம்பந்தமூர்த்தி சொன்னார், "பாடம் நடத்துவதால்தான் இந்த ஆபத்தே வருகிறது."

மறுநாளிலிருந்து பாடம் நின்றது. பிள்ளைகள் வீட்டில் திருட்டுத்தனமாகப் படித்து முன்னேறிவிடக் கூடாது என்று புத்தகங்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். பிள்ளைகள் கபடி விளையாடின. பூவலிங்கம் மட்டும் முதல் பாடத்தைத் தினமும் மனப்பாடம் செய்தார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் அவர் தலைமையாசிரியர் அறைக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், பேச்சிக்கனி என்று ஒரு பிள்ளை. கோடை விடுமுறையிலேயே அக்காவின் பழைய புத்தகங்களை முழுக்கப் படித்துவிட்டதாம். கடைசிப் பாடத்தில் சந்தேகம் கேட்கிறது."

"நீர் என்ன சொன்னீர்?"

"வயிறு சரியில்லை என்று சொன்னேன் சார்."

படித்ததை எப்படி மறக்க வைப்பது என்று யோசித்தார்கள். "ஒரு வாரம் அவளுக்கு நான் கணக்கு நடத்திப் பார்க்கட்டுமா?" என்றார் அந்தோணிசாமி. "என்னிடம் படித்த பலருக்குத் தெரிந்ததும் மறந்து போயிருக்கிறது."

நடத்தினார். வாரக் கடைசியில் அவருக்குப் பின்னம் லேசாகப் பிடிபட ஆரம்பித்ததே தவிர, அவளுக்கு எதுவும் மறக்கவில்லை.

சம்பந்தமூர்த்தி மறுபடியும் கூட்டம் போட்டார்.

"பிள்ளைகளைவிட முன்னால் இருப்பது யார்?"

"வாத்தியார், சார்."

"பேச்சிக்கனி முன்னால் இருக்கிறாளா?"

"எல்லாருக்கும் முன்னால் இருக்கிறாள், சார்."

"அப்போது அவள் பிள்ளையே இல்லை. ஆசிரியர் அறையில் நாற்காலி போடுங்கள்."

அறையில் இருந்ததே மூன்று நாற்காலிதான். தனக்கோடியுடையதை இழுத்தார்கள்.

"எனக்கு?" என்றார் அவர்.

"வரலாறு முழுக்க நாற்காலி போனவர்கள் கதைதானே," என்றார் பூவலிங்கம். "உமக்குப் பழகியிருக்குமே."

பொங்கல் கழிந்தது. அதிகாரி அம்மா வந்தார். பத்தாம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி முதல் பாடத்தில் கேள்வி கேட்டார். ஒரு பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை. சம்பந்தமூர்த்தியின் முகம் மலர்ந்தது.

"பார்த்தீர்களா அம்மா, ஒருத்தன்கூடக் கிட்டே நெருங்கவில்லை."

அதிகாரி அம்மா பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு முதல் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார், ஆசிரியருக்குக் குறிப்பு உட்பட.

"இரண்டாவது பாடம்?"

"அதற்கு இன்னும் தேவை வரவில்லை, அம்மா."

பக்கத்தில் இருந்த ஆசிரியர் அறையிலிருந்து ஒரு குரல் இரண்டாவது பாடத்தைத் தெளிவாகச் சொன்னது. அதிகாரி அம்மா எட்டிப் பார்த்தார். பாவாடை தாவணியில் பேச்சிக்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ யாரம்மா?"

"எனக்கே சரியாகத் தெரியவில்லை, மேடம். பதினோரு மணிக்கு டீ கொடுக்கிறார்கள்."

அன்று சாயங்காலமே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எருக்கங்குடிக்கு நடந்தன. பேச்சிக்கனி முதலில் போனாள்.

மறுநாள் காலையில் சம்பந்தமூர்த்தி மனம் உடைந்துபோய் அந்த வகுப்பறைக் கதவைத் திறந்தார். உள்ளே பெஞ்சுகள் இருந்தன. கரும்பலகை இருந்தது. கதவுக்கு மேலே 'பத்தாம் வகுப்பு' என்ற எழுத்தும் இருந்தது.

"அந்த அம்மா அவசரத்தில் பிள்ளைகளை மட்டும் கொண்டுபோய்விட்டார்," என்றார் அவர். "வகுப்பு இங்கேதான் இருக்கிறது." அன்று மத்தியானம் தனக்கோடியின் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

இனி யாரும் முந்தப் போவதில்லை என்று தைரியமாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். பூவலிங்கம் மூன்றாவது பாடம் வரை வந்துவிட்டார். போன வாரம் எழுதிக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பிப் பார்த்தாராம். முன் பெஞ்சு மட்டும் கொஞ்சம் கூர்ந்து கவனிப்பதுபோல் தெரிந்திருக்கிறது. நான்கு பேரும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பக்கம் போனபோது நானே பார்த்தேன். மழை வரும்போல இருந்தது.