கொம்பையாவின் நேர்த்திக்கடன்

உக்காருங்க, உக்காருங்க. அங்க என்ன சளசளன்னு? மருமக குறைய அப்புறமா பேசிக்கலாம், அவ எங்கயும் ஓடிப்போயிர மாட்டா. வாய மூடுங்க, கதை வருது.

மலங்காட்டுல ஒரு இருவாச்சிப் பறவை. பேரு கொம்பையா. அலகு அருவா மாதிரி, அதுக்கு மேல தோணியக் கவுத்து வச்ச மாதிரி ஒரு கொண்டை. பறந்தான்னா பழைய பஸ்ஸு மலை ஏறுற சத்தம் கேக்கும். பொண்டாட்டி பேரு மூக்கம்மா. இவன் நூறு வார்த்தை பேசினா அவ அரை வார்த்தை பேசுவா.

இருவாச்சிக குடும்பம் நடத்துற விதமே தனி. முட்டை போடுற காலம் வந்தா பொம்பள மரப்பொந்துக்குள்ள போயிருவா. மண்ணும் எச்சமும் குழைச்சு வாசல அடைச்சிருவா. அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விடுவா. உள்ள இருக்கையில இறகெல்லாம் கொட்டிரும், பறக்க முடியாது. குஞ்சு வளர்ற வரைக்கும் ஆம்பள கொண்டாந்து ஊட்டுனாத்தான் சோறு. புருசன் மேல அம்புட்டு நம்பிக்கை. இங்க இருக்கிற எத்தன பேர நம்பி வீட்டுல அப்படிப் போயி உக்காருவாங்கன்னு கேக்கல, விடுங்க.

கொம்பையா நல்லாத்தான் பாத்துக்கிட்டான். தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டாந்து, ஒண்ணொண்ணா எடுத்து ஊட்டுவான். குஞ்சு பொரிச்ச அன்னைக்கு மரத்துக்கு மரம் போயிச் சொன்னான். சொன்ன இடத்துல எல்லாம் ஆளுக்கொரு பயத்தக் குடுத்து அனுப்புனாங்க. போன வருசம் ஒரு வீட்டுக் குஞ்ச மரநாய் தின்னுச்சு, அதுக்கு முந்தின வருசம் மரமே சாஞ்சுச்சு. கொம்பையா நேரா அருவிப் பக்கம் பறந்தான்.

அருவிக்கு மேல ஒரு சாமிப்பாறை. அதுக்குப் பூசாரி ஒரு சோலைமந்தி. மொகத்தச் சுத்தி நரைச்ச பிடரி, அதத் தடவித் தடவித்தான் பேசும். "பிள்ளைக்கு... ம்ம்ம்... ஒரு கண்டம் இருக்கேப்பா"ன்னு கண்ண மூடி இழுத்துச்சு. இருபத்தோரு நாள் பழம் படைச்சாக் கழியுமாம். அங்கயே நேர்ந்துக்கிட்டான்.

முதல்ல காலைப் பழம் பாறைக்கு, சாயங்காலப் பழம் வீட்டுக்குன்னு இருந்துச்சு. நாலாம் நாள் மந்தி மொகத்தத் திருப்பிக்கிச்சு. சாமிக்கே பாதிப் பங்கான்னு கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு வேளையும் பாறைக்கே. படைச்சுட்டுக் கண்ண மூடிக் கும்பிடுவான். திறந்தா பழம் இருக்காது. மந்தி வாயத் தொடச்சுக்கிட்டே, சாமி ஏத்துக்கிட்டாருன்னும். கொம்பையாவுக்குப் புல்லரிக்கும்.

வீட்டுக்கு? வழியில ரெண்டு வெட்டுக்கிளி மாட்டினா உண்டு. இல்லேன்னா மந்தி குடுத்த பாறைத்தூளு. அத அலகுல ஏந்தி வந்து, பயபக்தியாக் கீறல் வழியா உள்ள போடுவான். நெத்தியில பூசிக்கோ, பிள்ளைக்கும் பூசுன்னுவான்.

"பழம்?"னு உள்ள இருந்து கேக்கும்.

இன்னும் பதினோரு நாள்தான், பல்லக் கடிச்சுக்கோன்னுவான். இருவாச்சிக்கு ஏது பல்லு!

ஒரு நாள், குஞ்சோட குரல் தேஞ்சு போச்சுன்னு அவ சொன்னா. பசிக்குதுன்னா. கொம்பையாவுக்குக் கோவம் பொத்துக்கிச்சு. யாருக்காக இந்தப் பாடு, காடே மெச்சுற பக்தி உனக்கு மட்டும் உறைக்கலியான்னு ஒரு மூச்சுப் பேசித் தீத்தான். மைனாக்க சுத்தி உக்காந்து கேட்டுச்சுக. இப்படி ஒரு தகப்பன் யாருக்குக் கிடைப்பான்னு தலைய ஆட்டுச்சுக. மூக்கம்மா அலக உள்ள இழுத்துக்கிட்டா.

இருபத்தோராம் நாள் கடன் முடிஞ்சுது. அன்னைக்கு நல்லாப் பழுத்த அத்தியாப் பொறுக்கி, தொண்டை நிறைய வச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்தான். பின்னாலயே மைனாக் கூட்டம். காணிக்கை மிச்சம் ஏதும் உண்டான்னு பாக்க மந்தியும் வந்துச்சு.

பொந்து வாசல் உடைஞ்சு கிடந்துச்சு. மரநாய்தான்னு கொம்பையாவுக்கு உசிரு போயிருச்சு. மரநாய் இல்ல. மூக்கம்மாவே உடைச்சிருந்தா. பாதி முளைச்ச இறகோட மரத்துல தொத்தித் தொத்தி இறங்கி, சருகக் கிளறி, ஒரு வண்டப் பிடிச்சுக்கிட்டுத் திரும்ப ஏறியிருக்கா. ஏறி வர்றதுக்குள்ள குஞ்சு செத்துப் போயிருச்சு. வண்ட அலகுல வச்சபடியே வாசல்ல உக்காந்திருந்தா.

கொம்பையாவுக்குத் தொண்டை நிறையப் பழம். அழக்கூட வழியில்ல. துப்பிட்டுத்தான் அழுதான்.

மந்தி பிடரியத் தடவுச்சு. இது பெரிய கண்டம், நாப்பத்தொரு நாள் படைச்சிருக்கணும்னு சொல்லுச்சு. மைனாக்க அதானேன்னுச்சுக.

"நாம கும்பிட்டது பத்தலையோ, மூக்கம்மா?"ன்னான் கொம்பையா.

அவ வண்டக் கீழ வச்சா. மந்தியப் பாக்கல. புருசனத்தான் பாத்தா.

"சாமிக்குப் பசிக்குதுன்னு குரங்கு சொல்லுச்சு, நம்புனீங்க. பிள்ளைக்குப் பசிக்குதுன்னு நான் சொன்னேன், நம்பல. வீட்டுல பசிச்ச வாய்க்குக் குடுக்காம எந்தச் சாமிக்குப் படைச்சாலும், அது குரங்கு வயித்துக்குத்தான் போயிச் சேரும்."