பண்டிதரின் கால் கட்டைவிரல்

ஏரிக்கரை உடைந்து தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. நடவு வயலில் நின்ற பொன்னுருவி, சேற்றுக் காலோடு ஜமீன் அரண்மனைக்கு ஓடினாள்.

"சாமி, கரை ஒடஞ்சிருச்சு! ஆளுங்கள அனுப்புங்க!"

ஜமீன்தார் வாய் திறப்பதற்குள் அரண்மனைப் பண்டிதர் ஆராவமுதன் குறுக்கே வந்தார். "ஒடஞ்சிருச்சு என்று ஒரு சொல்லே கிடையாது. 'உடைந்துவிட்டது' என்று சொல். பிழையில்லாமல் பேசினால்தான் இங்கே வழக்கு எடுபடும்."

பொன்னுருவி மறுபடி சொல்லிப் பார்த்தாள். பதற்றத்தில் நாக்குக் குழறியது. பண்டிதர் மறுபடி திருத்தினார். ஜமீன்தாரோ பண்டிதர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பண்டிதரின் கால் கட்டைவிரலைக் குதிகாலால் ஓங்கி மிதித்தாள்.

"ஐயய்யோ, வெரலு போச்சே!" என்று அலறினார் பண்டிதர்.

"போச்சுன்னு சொல்லக் கூடாதுங்க," என்றாள் பொன்னுருவி பணிவாக. "'விரல் போய்விட்டது'ன்னு சொல்லுங்க."

"அடியே, உசுரு போற வலியில எவனுக்குடி எலக்கணம் வரும்?"

"எங்க ஊரே போவுதுங்க. எனக்கு மட்டும் எப்படிங்க வரும்?"

ஜமீன்தார் துள்ளி எழுந்தார். "எல்லாரும் மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடுங்கடா!" என்று கத்தினார்.

அந்த வாக்கியத்தைப் பண்டிதர் திருத்தவில்லை.