பத்தொன்பது ரன்னும் ஒரு வெள்ளாடும்

கீழக்கொக்குளத்துக்காரர்களிடம் எதையாவது சொல்வதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பதற்காக அல்ல. சொன்னதை அப்படியே கேட்டுவிடுவார்கள், அதற்காக.

அந்த ஊருக்கும் மேலக்கொக்குளத்துக்கும் பொதுவாக ஒரு குளம் உண்டு. கோடையில் தண்ணீர் வற்றும்போது எந்த ஊர் முதலில் வலை போடுவது என்பதை வருஷா வருஷம் ஒரு கிரிக்கெட் ஆட்டம் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். ஆட்டம் முடிவதற்குள் நாலு மண்டை உடையும். இந்தத் தொல்லை வேண்டாமென்று பஞ்சாயத்து கூடி, இனிமேல் கம்ப்யூட்டரில்தான் ஆட்டம் என்று சொல்லிவிட்டது. இரண்டு ஊரும் ஆளுக்கு ஓர் அணியைப் பட்டியலிலிருந்து பொறுக்கிக் கொடுத்தால் போதும். மட்டையைப் பிடிப்பது, பந்து போடுவது, ஓடுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். யாரும் யாரையும் தொட முடியாது.

மூன்று வருஷமாகத் தோற்றுத் தோற்று, கீழக்கொக்குளத்துக் குழம்புச் சட்டியில் ஒரு விரால் விழவில்லை. அதனால் ஊர் யோசித்து, தன்னிடமிருந்த நாலு அறிவாளிகளை அனுப்பிவைத்தது. ஆவுடையப்பன் தலைவர், ஏனென்றால் அவரிடம் விசில் இருந்தது. பூலிங்கம் தையல்காரர். ஞானதிரவியம் ஆடு வளர்ப்பவர், இளகிய மனசு. நாலாவது ஆளான சங்கிலிமுத்துவுக்கு யோசிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

கூட்டுரோட்டில் அமலோற்பவம் அக்கா வைத்திருந்த ஜெராக்ஸ் கடையில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. சீட்டுக் குலுக்கியதில் வந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்.

"தம்பியளா, இது பந்து போடுதவனுக்குச் சாதகமான மைதானம். அதைப் பாத்து ஆளை எடுங்க."

நாலு பேரும் வெளியே போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"பந்து போடுதவனுக்குத்தான் சாதகம்னா, மட்டை பிடிக்கவனை எதுக்குக் கூட்டிட்டு வரணும்?" என்றார் சங்கிலிமுத்து.

"மட்டை பிடிக்க ஆள் வேண்டாமா?" என்றார் பூலிங்கம்.

"மைதானத்துக்குப் பிடிக்காதவனை உள்ள விட்டா மைதானம் நம்ம மேலதான வருத்தப்படும்?"

மைதானத்தின் வருத்தத்தைப் பற்றி அதுவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நாலு பேருக்கும் மனசு கனத்துப் போயிற்று. பதினொரு பேரும் பந்து போடுகிறவர்கள்தான் என்று முடிவாயிற்று. ஆவுடையப்பன் விசிலடித்துக் கூட்டத்தைக் கலைத்தார்.

அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "சரி, அதுலயாவது பாத்து எடுங்க. எல்லைக்கோடு ரொம்பத் தூரத்துல இருக்கு. தூக்கி அடிச்சா நடுவழியில கேட்ச்தான். நல்லா ஓடுத ஆளா, ஒல்லியான ஆளா எடுங்க."

பூலிங்கம் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தார். திரையில் ஒவ்வொரு படமாக வர, ஒவ்வொருவருக்கும் இடுப்பளவு எடுத்தார். சங்கிலிமுத்து நோட்டில் எழுதினார். முதல் ஆளுக்கு முக்கால் இஞ்ச். இரண்டாவது ஆளுக்கும் முக்கால் இஞ்ச். இருநூறு பேரை அளந்தும் ஒரு இஞ்சைத் தாண்டியவர் ஒருவர்கூட இல்லை. அதனால் முதல் பதினொரு பேரையே எடுத்துக்கொண்டார்கள்.

"எந்த வீட்டுப் பிள்ளையளோ, ஒருத்தனும் ஒழுங்காச் சாப்பிடுததில்ல போல" என்று ஞானதிரவியம் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு ஒல்லின்னா நல்லா ஓடுவானுவ. ஆனா காத்தடிச்சா?" என்றார் சங்கிலிமுத்து.

ஆவுடையப்பன் அந்தக் கணமே எழுந்து போய்க் கடையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். மே மாசம். ஆதார் கார்டை நகலெடுக்க வந்திருந்த ஏழெட்டுப் பேர் வேர்த்து ஊற்ற நின்றார்கள். ஒருவர் சுவிட்சில் கையை வைத்தபோது, "பதினொரு உயிருக்கு நீரு பதில் சொல்லுவீரா வே?" என்று ஆவுடையப்பன் கேட்டார். அவர் பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டார்.

ஆடுகளத்தில் புல் எவ்வளவு இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் அடுத்தபடியாகக் கேட்டது.

"புல் நிறைய இருந்தா பந்து எகிறும். நமக்கு நல்லது. நிறையன்னே போட்டுட்டேன். அதை யாரும் தொடாம பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா அணியின் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். ஒரு கல்யாணப் பத்திரிகை வேலை காத்துக்கிடந்ததால் உள் அறைக்குப் போய்விட்டாள்.

யாரும் தொடாமல் பார்க்க வேண்டும். ஆவுடையப்பனும் பூலிங்கமும் வாசலில் குச்சியோடு காவல் நின்றார்கள். ஆனால் ஞானதிரவியத்துக்கு ஒரு சந்தேகம்.

"உள்ள இருக்க புல்லை ஆடு திங்குமா திங்காதான்னு நமக்குத் தெரியாதே? தெரியாம எப்படிக் காவல் காக்க?"

"அது நியாயம்" என்றார் சங்கிலிமுத்து.

ஞானதிரவியம் சைக்கிளில் போய்த் தன் வெள்ளாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். காவல்காரர்கள் வழிவிட்டார்கள். ஆட்டைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஆடு பச்சைப் பசேலென்று இருந்த மைதானத்தைப் பார்த்தது, மோந்தது, நாக்கால் ஒரு தடவை நக்கியது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"திங்கல! புல்லுக்கு ஆபத்தில்ல!" என்று நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் ஆடு மேசைமேல் இருந்த பட்டியலைத் தின்றுவிட்டது.

ஆட்டத்துக்கு வந்திருந்த மேலக்கொக்குளத்து வெள்ளத்துரை உள்ளே நுழைந்து, "உங்க டீம் எங்கவே?" என்று கேட்டார்.

"ஆட்டுல இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"ஆட்டத்துல இருக்கது தெரியும். ஆளுக யாரு யாருன்னு கேக்கேன்."

"அது ஆட்டுக்குத்தான் தெரியும்."

பட்டியல் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருக்கிறது என்று அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து சத்தியம் செய்தாள். இருந்தாலும் அணி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக ஆட்டை நாற்காலிக் காலில் கட்டி வைத்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் மட்டை பிடித்தது கீழக்கொக்குளம். மட்டையே பிடித்தறியாத பதினொரு பேரும் வந்தார்கள், போனார்கள். ஆறாவது ஓவருக்குள் எல்லாரும் காலி. பத்தொன்பது ரன்.

வெள்ளத்துரை சிரித்த சிரிப்பில் ஆடு மிரண்டது. அவர் பட்டியலைப் புரட்டி, சிக்சர் அடிப்பவர்களாகப் பார்த்துப் பதினொரு பேரைப் பொறுக்கியிருந்தார். அவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவரும் வானத்துக்குத் தூக்கி அடித்தார்கள். எல்லைக்கோடோ எங்கேயோ இருந்தது. பந்து நடுவழியில் களைத்துப்போய் யாராவது ஒருவர் கையில் விழுந்தது. புல்லில் குத்திய பந்து சிலருடைய மூக்கைப் பார்த்து எகிறியது. பூலிங்கம் இஞ்ச் டேப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். ஞானதிரவியம் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டின் காதைப் பிடித்திருந்தார்.

கடைசி ஆள் அடித்த பந்தும் கேட்ச். பதினெட்டு ரன்.

'கீழக்கொக்குளம் ஒரு ரன் வித்தியாசத்தில் வெற்றி' என்று திரையில் வந்தது. அமலோற்பவம் அக்கா கையைத் தட்டினாள். "இருங்க தம்பியளா, லட்டு வாங்கிட்டு வாரேன்" என்று எதிர்க்கடைக்கு ஓடினாள்.

வெள்ளத்துரை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க ஞானதிரவியத்துக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, நாம எத்தனை ரன்ல ஜெயிச்சோம்?"

"ஒரு ரன்ல" என்று ஆவுடையப்பன் திரையைப் பார்த்துப் படித்தார்.

"நம்மகிட்ட எத்தனை இருக்கு?"

"பத்தொம்பது."

"ஜெயிக்க ஒண்ணு போதும்னா, மிச்சம் பதினெட்டை வச்சு நாம என்ன செய்யப்போறோம்?"

நாலு பேரும் நீண்ட நேரம் யோசித்தார்கள். ரன்னைச் சமைக்க முடியாது. விதைக்கவும் முடியாது. வீட்டில் வைத்தால் கெட்டுப்போகுமோ என்னவோ.

"பாவம், அந்த மனுசன் இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோட போறாரு" என்றார் பூலிங்கம்.

சங்கிலிமுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார்: 'எங்கள் பத்தொன்பது ரன்னில் பதினெட்டை முழு மனதோடு மேலக்கொக்குளத்துக்குக் கொடுத்துவிட்டோம். மீதி ஒன்று எங்களுடையது.' நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளத்துரை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு தாளை வாங்கினார். பக்கத்துத் தெருவில் இருந்த பஞ்சாயத்துத் தலைவரிடம் நேராக நடந்தார். கையெழுத்து சரியாக இருந்ததால் தலைவருக்கும் வேறு வழியில்லை. முப்பத்தாறுக்கு ஒன்று. முதல் வலை மேலக்கொக்குளத்துக்கே.

லட்டோடு வந்த அக்கா நடந்ததைக் கேட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவியளா, ஜெயிச்சிருந்தீங்களேடா! இப்ப உங்ககிட்ட என்னடா இருக்கு?"

"ஏன்க்கா பதறுதீங்க? ஜெயிக்கிற ரன்னு நம்மகிட்டதான் இருக்கு" என்று ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அதில் '1' என்று பெரிதாக எழுதியிருந்தது.

ஆவுடையப்பன் சீட்டை அவள் கையில் பணிவாகக் கொடுத்தார்.

"இதை மூணு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்கக்கா. ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கிடுதோம். மொத்தம் நாலு ரன் ஆயிரும்லா?"

பூலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஞானதிரவியத்தைத் தோளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"ஏல, நாலு ரன்னா அது பவுண்டரி ஆச்சே!"

ஆவுடையப்பன் விசிலடித்தார்.